லிக்விட்னா என்ன, ஃப்ளூயிட்னா என்ன? அப்பாவோட கேஸ் ஷீட்ல ரெண்டும் இருக்கு

தென்காசி_செல்வி:

வணக்கம் எல்லாருக்கும். தெரிஞ்சவங்க கொஞ்சம் சீக்கிரம் பதில் சொன்னா நல்லா இருக்கும். அப்பாவுக்கு 68 வயசு. ஹார்ட் பம்பிங் கம்மின்னு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில வச்சிருந்து, வீட்டுக்கு கூட்டிட்டு வந்து ரெண்டு வாரம் ஆகுது. அங்க இருந்தப்ப நடுவுல ஒரு எண்டோஸ்கோப்பி எடுத்தாங்க, அதுக்கப்புறம் ரெண்டு நாள் கேஸ் ஷீட்ல "லிக்விட் டயட்"னு எழுதியிருந்துச்சு, கஞ்சி, ரசம், மோர்னு அளந்து அளந்து கொடுத்தாங்க. வீட்டுக்கு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரில "ஃப்ளூயிட் ரெஸ்ட்ரிக்ஷன், ஒரு நாளைக்கு 1.2 லிட்டர்"னு இருக்கு.

நான் என்ன நெனச்சேன்னா, ரெண்டு இடத்துல ரெண்டு வேற வேற வார்த்தை போட்டிருக்காங்கன்னா ரெண்டும் வேற வேற தான், லிக்விட்னா கஞ்சி மாதிரி சாப்பாட்டு ஐட்டம், ஃப்ளூயிட்னா குடிக்கிற தண்ணி அப்புறம் ட்ரிப்ஸ்ல ஏத்துறாங்கல்ல அது. அதனால தண்ணிய மட்டும் ஒரு பாட்டில்ல 1.2 லிட்டர் ஊத்தி வச்சு அதுக்கு மேல ஒரு வாய் கூட கொடுக்கல. ஆனா காலையில நீராகாரம் ஒரு சொம்பு, பதினோரு மணிக்கு மோர், மத்தியானம் ரசம் ஒரு டம்ளர் தனியா, சாயங்காலம் காபி, ராத்திரி கேப்பைக்கூழ்னு போயிட்டே இருந்துச்சு, அப்பாவுக்கும் அதெல்லாம் புடிக்கும்.

இப்ப நாலு நாளா கணுக்கால் ரெண்டும் வீங்கியிருக்கு, விரல வச்சு அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்குது. நேத்து ராத்திரி படுத்தா மூச்சு வாங்குதுன்னு ரெண்டு தலகாணி கேட்டாங்க. டிக்ஷனரிய எடுத்துப் பாத்தா ரெண்டு வார்த்தைக்கும் திரவம்னு தான் போட்டிருக்கு. அப்ப ரெண்டும் ஒண்ணு தானா? ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வார்த்தை? நான் எங்க தப்பு பண்ணேன்னு புரிய வைங்க.


வார்டு_அக்கா:

செல்வி, மத்ததெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம். இத படிச்ச உடனே அப்பாவ பாத்த டாக்டருக்கு போன் போடுங்க, கால்ல குழி விழுது, படுத்தா மூச்சு வாங்குதுன்னு இதே வார்த்தையில சொல்லுங்க. போன் எடுக்கலைன்னா காத்திருக்காதீங்க, நேரா கேஷுவாலிட்டிக்கு கூட்டிட்டு போயிடுங்க. ஊசி போட்டோ மாத்திரைய கூட்டியோ உடம்புல தேங்கியிருக்குற நீர எறக்கிடுவாங்க. நீங்களா மாத்திரைய கூட்டிக் கொடுத்துடாதீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். நான் இருபத்தி ரெண்டு வருஷமா ஸ்டாஃப் நர்ஸ், அதுல பாதி கார்டியாக் வார்டுல. இந்த ஒரு குழப்பத்துல திரும்பி அட்மிட் ஆகுறவங்கள நெறைய பாத்துட்டேன்மா, அதனால இது உங்க தப்புன்னு மனசுல போட்டுக்காதீங்க, ஒரு நிமிஷம் உக்காந்து யாராவது இத தமிழ்ல சொல்லியிருக்கணும்.

லிக்விட் டயட்ல வர்ற லிக்விட், சாப்பாடு எந்த ரூபத்துல உள்ள போகணும்னு சொல்லுது. கெட்டியா வேணாம், மெல்லுற மாதிரி வேணாம், குடிக்கிற மாதிரி கொடுங்கன்னு அர்த்தம். அது வயித்துக்காக சொல்றது. அதுலயும் கிளியர் லிக்விட்னு எழுதினா மேல இருந்து பாத்தா டம்ளரோட அடி தெரியிற மாதிரி இருக்கணும், பால் சேக்காத டீ, வடிகட்டின சூப்பு, சக்கை இல்லாத ஆப்பிள் ஜூஸ். ஃபுல் லிக்விட்னு எழுதினா பால், கஞ்சி, ஐஸ்கிரீம் எல்லாம் வரும்.

ஃப்ளூயிட் ரெஸ்ட்ரிக்ஷன்ல வர்ற ஃப்ளூயிட் வேற கணக்கு. அது எந்த ரூபத்துல போகுதுன்னு பாக்காது, உள்ள போற மொத்த நீர் எவ்வளவுன்னு மட்டும் பாக்கும். இதயம் அதத் தான சுமக்கணும், அதுக்கு மோரும் ஒண்ணு தான், தண்ணியும் ஒண்ணு தான், நரம்புல ஏத்துற சலைனும் ஒண்ணு தான். வார்டுல ஐ-ஓ சார்ட்னு ஒண்ணு போடுவோம், உள்ள எவ்வளவு போச்சு வெளிய எவ்வளவு வந்துச்சுன்னு. அதுல காபி, ரசம், கூழ், ஐஸ் கட்டி, மாத்திரை முழுங்குற ரெண்டு மடக்கு தண்ணி வரைக்கும் எழுதுவோம். ரூம்ல வெளிய வச்சா உருகி ஓடுற எதுவும் கணக்குல வரும்னு ஞாபகம் வச்சுக்கோங்க. ஐஸ்கிரீம் வரும், ஜெல்லி வரும். சோத்துக்குள்ள இருக்குற தண்ணிய நாங்க எழுத மாட்டோம், ஆனா அந்த சோத்து மேல ஊத்துற ரசத்த எழுதுவோம்.

நீங்க சொன்னத கூட்டிப் பாருங்க. தண்ணி 1200, நீராகாரம் ஒரு சொம்பு கொறஞ்சது 400, மோர் 200, ரசம் 200, காபி 150, கூழ் 300. ரெண்டேகால் லிட்டர தாண்டி ஓடிருச்சு. டாக்டர் சொன்னதுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

வீட்டுக்கு ஒரு சுலபமான வழி சொல்றேன். ஒரு பாட்டில்ல காலையில 1.2 லிட்டர் தண்ணி ரொப்பி அடுப்படியில வைங்க. அப்பா மோர் குடிச்சா, அதே டம்ளர் அளவுக்கு பாட்டில்ல இருந்து தண்ணிய எடுத்து செடிக்கு ஊத்திடுங்க. காபி குடிச்சாலும் அப்படியே. பாட்டில்ல மிச்சம் இருக்குறது தான் அன்னைக்கு அவர் இன்னும் குடிக்கலாம்னு இருக்குற அளவு. கூட்டல் கழித்தல் எதுவும் வேணாம், யாரு பாத்தாலும் தெரியும்.

அப்புறம் எடை. தெனமும் காலையில பாத்ரூம் போயிட்டு வந்த பிறகு, எதுவும் சாப்பிடாம, ஒரே மாதிரி துணியில. ஒரு லிட்டர் நீர் உடம்புல தங்குனா ஒரு கிலோ ஏறும், மூணு நாள்ல ரெண்டு கிலோவுக்கு மேல ஏறுனா அது சதையில்ல, நீர் தான். வீக்கம் கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே எடை சொல்லிடும்.


கொல்லிமல_ஒர்க்ஷாப்:

அக்கா சொன்னத முதல்ல செய்யுங்க தங்கச்சி. அப்பா நல்லபடியா ஆகட்டும்.

எனக்கு டாக்டர் விஷயம் தெரியாது, ஆனா இந்த ஃப்ளூயிட்ங்கிற வார்த்தையோட தான் தெனமும் பொழப்பு. எங்க லைன்ல எல்லாரும் பிரேக் ஆயில்னு தான் சொல்லுவோம், ஆனா டப்பாவ திருப்பிப் பாத்தீங்கன்னா பிரேக் ஃப்ளூயிட்னு தான் போட்டிருப்பான், ஆயில்னும் போட மாட்டான், லிக்விட்னும் போட மாட்டான். ஏன்னா அது ஆயிலே கிடையாது, டாட் த்ரீ டாட் ஃபோர்னு வர்ற ரகம் எல்லாம் கிளைக்கால் வகை, தண்ணியோட கலந்துடும். அஞ்சாறு வருஷம் முன்னாடி ஒருத்தர் வண்டி எடுத்துட்டு வந்தாரு, பிரேக் விட்டாலும் வீல் விடல, புடிச்சபடியே சூடாகி வாடை அடிக்குது. மூடிய தொறந்து மோந்து பாத்தா இஞ்சின் ஆயில் வாசம். எல்லாரும் பிரேக் ஆயில் பிரேக் ஆயில்னு சொன்னத கேட்டு, மிச்சம் இருந்த ஆயில அதுல ஊத்தியிருக்காரு. உள்ள இருந்த ரப்பர் எல்லாம் ஊதி, பழைய இட்லி மாதிரி ஆகிப்போச்சு. மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து நாலு வீலும் கழட்டி மாத்த வேண்டியதா போச்சு. ஒரு வார்த்தைய தப்பா சொன்னதால வந்த செலவு அது.

ஃப்ளூயிட்னு ஏன் பேர் வச்சான்னு எங்க மேஸ்திரி சொல்லிக் கொடுத்தது இது. நீங்க பெடல்ல மிதிக்கிற மிதி அப்படியே வீலுக்கு போகணும், நடுவுல இருந்து அந்த வேலைய செய்யிறது அது. அது என்ன பொருள்ங்கிறது ரெண்டாவது, என்ன வேலை செய்யுதுங்கிறது தான் பேரு. கிளட்ச் ஃப்ளூயிட், ஸ்டியரிங் ஃப்ளூயிட் எல்லாம் இப்படித் தான். ஆனா அந்த வேலைய செய்யணும்னா உள்ள அது லிக்விடா இருந்தே ஆகணும், அங்க தான் ரெண்டு வார்த்தையும் பிரியுது. இந்த பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்குற ஈரத்த கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கும். புது டாட் ஃபோர் கொறஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும்னு கணக்கு, ஈரம் ஏறுனதுக்கு அந்தக் கணக்கு 155 டிகிரி தான். கொல்லிமலையில 70 ஊசி வளைவு, எறங்கும்போது தெரியாதவங்க டாப் கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சபடியே வருவாங்க, சூடேறி உள்ள கொதிச்சு குமிழி விட்டுரும். குமிழின்னா ஆவி. தண்ணி மாதிரி இருக்குறத அமுக்க முடியாது, ஆவிய அமுக்கலாம், அதனால மிதிச்ச மிதி எல்லாம் அந்த குமிழிய அமுக்குறதுலயே போயிரும், பெடல் பஞ்சு மாதிரி தரைக்கு போகும், வண்டி நிக்காது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்கன்னு நாங்க சொல்றது காசுக்காக இல்ல. எறங்கும்போது ரெண்டாவது கியர்ல எறங்குங்க, தயவுசெஞ்சு.


நெய்வேலி_பாய்லர்:

ஒர்க்ஷாப் அண்ணன் சொன்னது அருமை. அந்த குமிழி உதாரணத்துல தான் முழு விஷயமும் இருக்கு. லிக்விட் கொதிச்சு ஆவியானதும் அது லிக்விட் இல்ல, ஆனா ஃப்ளூயிட் தான். சயின்ஸ்ல ஃப்ளூயிட்ங்கிற குடும்பத்துல லிக்விடும் உண்டு, கேஸும் உண்டு. லேசா ஒரு பக்கமா தள்ளுனா எதிர்த்து நிக்காம நழுவி ஓடிட்டே இருக்குற எல்லாம் ஃப்ளூயிட். அதனால காத்தும் ஃப்ளூயிட். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புக்க தொறந்தா பாதி தண்ணிக் குழாய் பத்தி இருக்கும், இன்னொரு பக்கம் ஏரோப்ளேன் றெக்கை பத்தி இருக்கும், முதல் தடவ பாக்குற பசங்களுக்கு காத்து எப்படி இதுல வந்துச்சுன்னு கொழப்பமா இருக்கும். எல்லா லிக்விடும் ஃப்ளூயிட், எல்லா ஃப்ளூயிடும் லிக்விட் கிடையாது.

வீட்டுலயே பாக்கலாம். புது கேஸ் சிலிண்டர லேசா ஆட்டிப் பாருங்க, உள்ள சளக் சளக்னு சத்தம் வரும். அது லிக்விட். அதுக்கு மேல இருக்குற எடத்துல கேஸ் நிக்குது, அடுப்புக்கு வர்றது அந்த கேஸ் தான், அது போகப் போக கீழ இருக்குறது ஆவியாகி மேல வரும். ஒரே பொருள், ஒரே சிலிண்டர், கீழ லிக்விட் மேல கேஸ், மொத்தமும் ஃப்ளூயிட்.

நான் பாய்லர்ல வேலை பாக்குறவன், அதனால இத சொல்லாம விட முடியல. எங்க ஊர்ல ரெண்டாவது அனல்மின் நிலையத்தோட விரிவாக்கத்துல 250 மெகாவாட் யூனிட் ரெண்டு இருக்கு, அதுல இருக்குறது சர்க்குலேட்டிங் ஃப்ளூயிடைஸ்டு பெட் பாய்லர். உள்ள இருக்குறது மணலும் சாம்பலும் லிக்னைட்ங்கிற பழுப்பு நிலக்கரித் தூளும், எல்லாமே கெட்டிப் பொருள். அடியில இருந்து காத்த வேகமா ஊதுனா அந்த மொத்த மணலும் உலையில சோறு கொதிக்கிற மாதிரி தளபுளன்னு மேல எழும்பி கொழம்பும், கனமான பொருள் போட்டா முங்கும், லேசானது மெதக்கும், சுமார் 850 டிகிரில அப்படியே நின்னு எரியும். அத லிக்விட் பெட்னு யாரும் சொல்ல மாட்டாங்க, சொன்னா மணல் உருகிடுச்சுன்னு அர்த்தம் ஆயிரும். அது லிக்விட் ஆகல, லிக்விட் மாதிரி நடந்துக்குது. அதுக்கு தான் ஃப்ளூயிடைஸ்டு. நிலைமைய சொல்றது லிக்விட், நடந்துக்கிற விதத்த சொல்றது ஃப்ளூயிட்.

தமிழ்லயும் இதுக்கு வார்த்தை இருக்கு. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல பாய்மங்கள்னு ஒரு பாடமே உண்டு. பாயிறது பாய்மம். லிக்விடுக்கு திரவம் இல்லன்னா நீர்மம்.


தென்காசி_செல்வி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. வார்டு அக்கா பதில பாத்த உடனே டாக்டருக்கு போன் பண்ணேன், உடனே கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. எடை பாத்தா வீட்டுக்கு வந்த அன்னைக்கு இருந்தத விட மூணரை கிலோ கூட. ஊசி போட்டு ரெண்டு நாள் வச்சிருந்து இன்னைக்கு காலையில தான் அனுப்புனாங்க, நேத்து ராத்திரி ஒரே தலகாணியில தூங்கினாங்க. எக்ஸ்ரே பாத்துட்டு நுரையீரல்ல நீர் கோத்திருக்குன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு ஒண்ணு மனசுல பட்டுச்சு. ரிப்போர்ட்ல ஃப்ளூயிட்னு எழுதியிருக்காங்க, அவங்க வாயில நீர்னு சொல்றாங்க. சம்மரியிலயும் அந்த ஒரு வார்த்தைய நீர்னு எழுதியிருந்தா நான் தண்ணிய மட்டும் அளந்திருக்க மாட்டேன்னு தோணுது.


அகராதி_டீச்சர்:

செல்வி, நீங்க சொன்ன இடம் ரொம்ப முக்கியமான இடம். நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்குறேன், ரெண்டு வார்த்தைக்கும் ஒரே தமிழ் எழுதிப் போடுறது தான் இந்த தகராறுக்கே காரணம். நம்ம பேச்சுல தண்ணிக்கும் நீருக்கும் உள்ள வித்தியாசத்த கவனிச்சுப் பாருங்க. தண்ணின்னா குடிக்கிறது குளிக்கிறது, கண்ணுக்கு முன்னாடி இருக்குறது. ஆனா உடம்புக்குள்ள போயிட்டா நம்ம யாரும் தண்ணின்னு சொல்றது கொறைவு. பனிக்குட நீர், மூட்டுல நீர் கோத்துக்கிச்சு, கால்ல நீர் எறங்கிடுச்சு. இங்கிலீஷ்ல இந்த எடத்துல எல்லாம் ஃப்ளூயிட் தான் வரும், லிக்விட்னு போட்டா தப்புன்னு சொல்ல முடியாட்டியும் டாக்டர் எழுத மாட்டாங்க. நம்ம பாட்டிங்க சொன்ன "நீர்" இங்க ஃப்ளூயிட் செய்யிற வேலைய அப்படியே செய்யுது.

இன்னொன்னு, வார்த்தை எங்க உக்காருதுன்னு பாருங்க. லிக்விட் பெரும்பாலும் முன்னாடி வரும், லிக்விட் சோப், லிக்விட் ஆக்ஸிஜன், லிக்விட் நைட்ரஜன். கட்டி சோப் இருக்கு, இது லிக்விட்ல வர்ற சோப். ஆக்ஸிஜன் சாதாரணமா கேஸ், இது குளிர வச்சு லிக்விட் ஆக்குனது. வேற ரூபத்துலயும் இருக்கும்ங்கிற பட்சத்துல தான் அத சொல்ல வேண்டிய தேவையே வருது. ஃப்ளூயிட் பெரும்பாலும் பின்னாடி வரும், பிரேக் ஃப்ளூயிட், ட்ரிப்ஸ்ல ஏத்துற ஐவி ஃப்ளூயிட், நம்ம ஸ்கூல்ல எழுத்த அழிக்க வச்சிருந்த கரெக்ஷன் ஃப்ளூயிட், எதுக்கு பயன்படுதோ அது முன்னாடி. பாத்திரம் கழுவுறதுக்கு மட்டும் டிஷ்வாஷ் லிக்விட்னு பின்னாடி வருதேன்னு ஒரு பொண்ணு கிளாஸ்ல கேட்டா, நல்ல கேள்வி. அங்கயும் பக்கத்துலயே கட்டியும் பவுடரும் வித்துட்டு இருக்கு, அதுல இருந்து பிரிச்சு காட்டத் தான் லிக்விட்.

ஃப்ளூயிட் லத்தீன்ல பாயிற ஓடுறங்கிற அர்த்தம் உள்ள ஃப்ளுவேரேங்கிற சொல்லுல இருந்து வந்தது, ஃப்ளூயன்ட்டும் அதே வீட்டுப் பிள்ளை தான். ஒருத்தருக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடுன்னு நம்ம சொல்றோம், அவங்க ஃப்ளூயன்ட்ங்கிறாங்க. நிலைமை ஃப்ளூயிடா இருக்குன்னு நியூஸ்ல சொன்னா இன்னும் ஒரு முடிவுக்கு வரல, எப்ப வேணா மாறும்னு அர்த்தம், அங்க லிக்விட் போடவே முடியாது. காசு விஷயத்துல தலைகீழ், லிக்விட் கேஷ், லிக்விட் அசெட்னு தான் வரும், கையில எடுத்து உடனே செலவு பண்ற ரூபத்துல இருக்குன்னு அர்த்தம். நிலம் வச்சிருந்தா சொத்து தான், ஆனா நாளைக்கு காலையில ஃபீஸ் கட்ட உதவாது.


வார்டு_அக்கா:

செல்வி, படிச்சு கண்ணு கலங்கிடுச்சும்மா. டாக்டர் அளவ மாத்திக் கொடுத்தாங்களா, 1.2 லிட்டரே தானா? மாத்தியிருந்தா பாட்டில்ல கோடு போட்டு வைங்க.


தென்காசி_செல்வி:

ஒரு லிட்டர்னு கொறச்சிருக்காங்க அக்கா. பாட்டில்ல சிவப்பு டேப் ஒட்டிட்டேன். அப்பா தான் தவிக்கிறாங்க, நாக்கு வறளுதுன்னு. நீராகாரத்த சுத்தமா நிறுத்திடணுமா? சின்ன வயசுல இருந்து குடிச்சு பழகுனவங்க. இளநீர் நுங்கு எல்லாம்?


வார்டு_அக்கா:

நிறுத்த வேணாம், அளவ கொறைங்க. சொம்ப மாத்திட்டு 150 மில்லி புடிக்கிற டம்ளர்ல கொடுங்க, அத பாட்டில் கணக்குல கழிச்சிடுங்க. ஆனா அதுல உப்பு போடாதீங்க, தொட்டுக்க ஊறுகா மோர்மொளகா வேண்டவே வேண்டாம், உப்பு உள்ள போனா தாகம் அதிகமாகும், உள்ள இருக்குற நீரையும் புடிச்சு வச்சுக்கும். சின்ன வெங்காயம் கடிச்சுக்கட்டும். நாக்கு வறண்டா வாய் கொப்புளிச்சு துப்பலாம், ஒரு எலுமிச்சம்பழ துண்ட நாக்குல தடவலாம், சின்ன ஐஸ் கட்டி ஒண்ண வாயில அடக்கிக்கலாம், அந்த ஐஸையும் கணக்குல எழுதிடுங்க. நுங்கும் தர்பூசணியும் பாக்க பழம் மாதிரி இருந்தாலும் உள்ள பூரா நீர் தான், அதையும் சேத்துக்கணும். இளநீர டாக்டர கேக்காம கொடுக்காதீங்க, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, ஹார்ட்டுக்கு கொடுக்குற சில மாத்திரையே பொட்டாசியத்த ஏத்தி விடும். அடுத்த செக்கப் போகும்போது எடை எழுதுன நோட்ட மறக்காம கொண்டு போங்க.